கழற்றி மாட்டும் படி: ராணுவ லாரியில் ஏறி இறங்கிய அனுபவங்கள்

(பழைய ராணுவ லாரி வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதியவை. ஒவ்வொன்றின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைப்பெயர்.)

தார்ப்பாய்

வண்டி எம்35ஏ2, அமெரிக்க ராணுவத்தின் பழைய இரண்டரை டன் லாரி. பின்பக்கம் ஏற நானே ஒரு படி செய்தேன். மூன்று தட்டு, மேலே இரண்டு கொக்கி, வேலை முடிந்ததும் கழற்றி உள்ளே போட்டுவிடலாம். இந்த வண்டி வைத்திருப்பவர்களிடம் பாடியின் உயரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாலடிக்கு மேல், என் நெஞ்சுக்கு வரும்.

ஏறுவதில் ஒரு குறையும் இல்லை. நான் ஏறினேன், தம்பி ஏறினான், எழுபதைத் தாண்டிய அப்பாவும் ஏறினார். ஏறி, பக்கத்து மரப்பலகை இருக்கையை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தும் இருந்தார்.

இறங்கும்போதுதான். வண்டியைப் பார்த்தபடி திரும்பி இறங்குங்கள் என்று சொல்லியிருந்தேன், அப்படியேதான் இறங்கினார். முதல் தட்டில் கால் வைத்தார், சரி. இரண்டாவதில் எடை விழுந்ததும் ஏணியின் கீழ்முனை ஊஞ்சல் மாதிரி வண்டிக்கு அடியில் போய்விட்டது. கொக்கி மேலே பிடித்துக்கொண்டுதான் இருந்தது, கீழே முட்டுக்கொடுக்கத்தான் எதுவும் இல்லை. நல்ல வேளை, ஒரு கை பின்கதவுச் சங்கிலியில் இருந்தது.

அவர் விழவில்லை. ஆனால் செருப்பு கழன்ற அந்த வலது கால், இருட்டில் சுவிட்சைத் துழாவும் கை மாதிரி காற்றில் படியைத் தேடியதை என்னால் மறக்க முடியவில்லை. கத்தவும் இல்லை. மெதுவாக, "படி எங்கடா?" என்று கேட்டார். படி ஒரு அடி உள்ளே இருந்தது.

அளவெடுத்து, வெல்டிங் சுத்தமாக அடித்து, பச்சை நிறம்கூடப் பொருத்தம் பார்த்துப் பூசியவன் நான். இது தொங்கும் சாமான், தொங்குவது ஆடும் என்பது மட்டும் அன்றுவரை உறைக்கவில்லை.

மூன்றாம் கியர்

உங்கள் படி உள்ளே போனது, என் படி சுழன்றது.

சேசிஸ் கடைசியில் இழுவைக் கொக்கி இருக்கிறதே, அதில் மாட்டுகிற மாதிரி ஒரு ஒற்றைப் படி செய்தேன். கொக்கி வாய்க்குள் ஒரு தடித்த வளையம், அதிலிருந்து ஒரு சதுரப் பைப், நுனியில் கால் வைக்கத் தட்டு. துளை போட வேண்டாம், வெல்டிங் வேண்டாம், என்ன ஒரு யோசனை என்று எனக்கே பெருமை. டிரெய்லர் மேடு பள்ளத்தில் புரளும்போது முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அந்தக் கொக்கியே தன் அச்சில் சுற்றும் என்பதை மறந்துவிட்டேன். தெரியாமல் இல்லை, நானே கிரீஸ் வைத்திருக்கிறேன்!

தட்டின் நடுவில் கால் வைக்கும்வரை நின்றது. ஒருநாள் இரண்டு கையிலும் தண்ணீர்க் கேன். கால் ஓரத்தில் பட்டது, தட்டு சாவி திருகுவது போலத் திரும்பியது. முழங்கால் எலும்பு நேராகக் கொக்கியின் மேல்தாடையில். கேன் உருண்டு போகும் சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன், வலி அப்புறம்தான் வந்தது. இப்போதும் குளிர் நாளில் அந்த இடம் எனக்கு முன்னால் எழுந்துகொள்கிறது.

ஆர்க் வெல்டர்

தார்ப்பாய் அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் செய்தது படியே இல்லை, கயிற்றேணியை இரும்பில் செய்திருக்கிறீர்கள். மூன்றாம் கியர் செய்ததைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

என் அனுபவம் சின்னது. படியைத் தாங்கும் பிராக்கெட்டைப் பற்றவைக்க பாடி ஓரத்தில் கிரைண்டர் போட்டு, பெயின்ட் முழுக்கப் போகாமலேயே அடித்தேன். துணியை மூக்கில் கட்டியிருந்தேன், அதுவே பாதுகாப்பு என்று நினைப்பு. அன்று ராத்திரி நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இரண்டு நாள் இருமல். அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன். 1980களிலிருந்து அமெரிக்க ராணுவத்தில் பூசிய அந்த மங்கல் பெயின்ட் சாதாரண எனாமல் இல்லை. ரசாயன ஆயுத விஷம் ஊறாமல் இருக்கப் பூசும் பாலியூரித்தேன் வகை. சூடானால் ஐசோசயனேட் என்ற நச்சுப் புகை வரும், அடியில் இருக்கும் பழைய பிரைமரில் குரோமியம் இருக்கலாம். தூசி முகமூடி தூசியைத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. பற்றவைக்கும் இடத்தைச் சுற்றிலும் நாலு அங்குலத்துக்குப் பெயின்டை ரசாயனம் போட்டு எடுத்துவிட்டு, அப்புறம்தான் தீ. தார்ப்பாய், உங்கள் வண்டியில் எந்தப் பெயின்ட்?

அடுத்தது சேசிஸ். அதன் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளையும் போடக் கூடாது, பற்றவைக்கவும் கூடாது. வளையும்போது இழுவிசையும் அழுத்தமும் அதிகமாக அங்கேதான் உட்காரும், விரிசலும் அங்கிருந்துதான் கிளம்பும். துளை போட்டே ஆக வேண்டுமென்றால் நடுப்பட்டையில் போடுங்கள். அதைவிட நல்லது, சேசிஸைத் தொடாமல் பாடியின் பின் குறுக்குச்சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டுவது. வெல்டிங் போடுகிறவர்கள் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். இது 24 வோல்ட் வண்டி, இரண்டு பேட்டரி தொடராக இருக்கிறது, ஒன்றைக் கழற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எர்த் கிளாம்பை, அதாவது வெல்டிங் மின்சாரம் திரும்பிப்போகும் கவ்வியை, பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எங்கேயோ முன்பம்பரில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகக்கூடப் போய்ச் சேரும்.

தட்டுகளுக்கு நடுவே ஒரே இடைவெளி இருக்க வேண்டும், சுமார் ஒரு அடி. கால் கண்ணால் பார்ப்பதில்லை, முந்தின தட்டின் கணக்கை வைத்துத்தான் அடுத்ததைத் தேடும். ஒன்று மட்டும் இரண்டு அங்குலம் கூடினாலும் இறங்கும்போது இடறும். தட்டுக்குச் செக்கர் பிளேட், அதாவது புடைப்பு வரி போட்ட தகடு, போடாதீர்கள். காய்ந்த நாளில் அருமை, சேறு அப்பினால் சோப்பு. ஓட்டை விழுந்த, பல் வைத்த கிராதிதான் சேற்றைக் கீழே தள்ளும்.

இன்னும் கைப்பிடியைப் பற்றிச் சொல்லவில்லை.

வெண்கலமணி

கைப்பிடியை நான் சொல்கிறேன், நீங்கள் கொஞ்சம் மூச்சு விடுங்கள் அண்ணா. அவர் அப்பாவைப் பற்றி எழுதினார், பெயின்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எங்களிடம் படியே கிடையாது. எல்லோரும் டயரில் ஒரு கால், பாடி ஓரத்தில் ஒரு கால் என்று ஏறுவோம், இறங்க குதிப்போம். ஒருநாள் சாமான் இறக்கி முடித்த சந்தோஷத்தில் பின்கதவு ஓரத்தில் கை ஊன்றிக் குதித்தேன். கால் தரையில் பட்டுவிட்டது, கை வரவில்லை. மோதிரம் சங்கிலி மாட்டும் கொக்கியில் சிக்கியிருந்தது. நான் குனிந்துதான் நிற்கிறேன், ஒரு கை மட்டும் தலைக்கு மேல், பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவது போல.

விரல் இருக்கிறது. மோதிரம் மெல்லிசு, பிளந்துவிட்டது. கெட்டியாக இருந்திருந்தால் எது பிளந்திருக்கும் என்று டாக்டர் விளக்கினார், அதை நான் எழுதப்போவதில்லை. உடம்பின் எடை முழுக்க ஒரு விரலில் இறங்கும், அவ்வளவு போதும்.

அதற்கப்புறம் படி செய்யக் கேட்டபோது முதலில் நான் கேட்டது கைப்பிடி. இரண்டு பக்கமும், தரையில் நிற்கும்போதே எட்டுகிற மாதிரி, மேலே ஏறி நின்றபின் இடுப்பளவுக்கும் வருகிற மாதிரி நீளமாக. தார்ப்பாய், உங்கள் அப்பாவைக் காப்பாற்றியது எது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சங்கிலி. அது தற்செயலாகக் கைக்குக் கிடைத்த கைப்பிடி.

நாலாம் நம்பர் ஸ்பானர்

படி தொலைந்த கதை யாருக்காவது வேண்டுமா?

இரும்புப் பின் செருகி மாட்டும் படி. பூட்டுப் பின்னுக்குப் பதிலாக அன்றைக்குக் கையில் கிடைத்த ஆணியை வளைத்துப் போட்டிருந்தேன். தார் ரோட்டில் ஐம்பதில் போகிறேன், அந்த வண்டியின் சத்தத்தில் படி விழுந்தது காதிலேயே விழவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. திரும்பிப் பார்த்தால், பின்னால் உட்கார்ந்தவர் என் படியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

நிறுத்தினேன். திட்டுவார் என்று பார்த்தேன். படியைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுக்கு முன்னால்தான் விழுந்தது" என்றார். ஓட்டியவரின் கை ஹாண்டில்பாரிலிருந்து இன்னும் எடுபடவில்லை, நடுக்கம் தெரிந்தது. பதினான்கு கிலோ இரும்பு அது. அவர்கள் போனபிறகு வண்டியை எடுக்கவே எனக்கு அரை மணி ஆயிற்று.

இப்போது ஓடும்போது வெளியில் எதுவும் மாட்டுவதில்லை. பின்னைச் சின்னச் சங்கிலியில் கட்டிவைத்திருக்கிறேன், படி பாடிக்குள் படுத்திருக்கும்.

ஈரமண்

ஆர்க் வெல்டர் சொன்னதில் கிராதி விஷயம் சரி, மற்றபடி இவ்வளவு தலைவேதனை எதற்கு என்று தெரியவில்லை. என் வண்டி எம்1078, பிற்கால ராணுவ லாரி. அதன் கூடவே பின்பக்கம் தொங்கவிடும் அலுமினிய ஏணி வந்தது. ஒரு கையில் தூக்கலாம். பழைய சாமானில் தேடினால் கிடைக்கும், அதை உங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாமே. இரும்போடு ஒட்டும் இடத்தில் மட்டும் ரப்பர் வையுங்கள், இல்லையென்றால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும், ஓடும்போது பல் கிட்டிப்பது போல டகடகக்கும்.

ஆனால் அதையும் நான் ஒரு தடவை கழற்ற மறந்தேன். காய்ந்த ஓடை ஒன்றில் இறங்கி எதிர்க்கரை ஏறினேன். மூக்கு மேலே போனால் வால் கீழே வரும் அல்லவா, பின்னால் தொங்குவது எதுவாக இருந்தாலும் முதலில் அதுதான் மண்ணைத் தொடும். ஒரு முனகல் சத்தம், அப்புறம் 'டங்'. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, கூண்டுத் துணி மறைத்துவிட்டது. மேலே ஏறி நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், ஏணி ஓடைக்கு நடுவில் நட்டுவைத்த மாதிரி நேராக நிற்கிறது. சுற்றிலும் ஆளில்லை, வண்டியும் இல்லை, எங்கேயோ ஏறிப்போக ஒரு ஏணி மட்டும். கொக்கி இரண்டும் நிமிர்ந்து கம்பியாகிவிட்டன.

அன்றிலிருந்து ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி. ஏணி வெளியே இருந்தால் துணி ஸ்டியரிங்கில், ஏணி உள்ளே வந்தால் துணி பையில்.

மூன்றாம் கியர்

பேச விரும்பவில்லை என்று சொன்ன ஆர்க் வெல்டருக்கு: கொக்கியைச் சுழலாமல் பூட்ட ஒரு பட்டை போட்டுவிட்டேன், இப்போது நிற்கிறது.

ஆர்க் வெல்டர்

பட்டையை எடுக்க மறந்து டிரெய்லர் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? இழுவைக் கொக்கி இழுக்கத்தான். ஏறுவதற்குப் படி.

தார்ப்பாய்

எல்லோருக்கும் நன்றி. ஏணியின் கீழ்ப்பகுதியில் பின்பக்கமாக இரண்டு முட்டுக்கால் வைத்துவிட்டேன், நுனியில் பழைய டயர் துண்டு. அது வண்டியின் பின்பம்பரில் போய் உட்கார்கிறது, ஏணி கொஞ்சம் சாய்ந்தும் நிற்கிறது. உள்ளே போக வழியே இல்லை. பின்கதவைச் சங்கிலியில் மட்டமாக நிறுத்தி அதன் நுனியில் மாட்டுவதையும் விட்டுவிட்டேன். கதவை முழுக்கத் தொங்கவிட்டு, பாடியின் தரை விளிம்பிலேயே கொக்கி. வெண்கலமணி சொன்ன கைப்பிடியைப் பக்கவாட்டுப் பலகை செருகும் குழியில் இறக்கினேன், துளை போடாமலே கச்சிதமாக உட்கார்ந்தது. கீழே குறுக்குப் பின் உண்டு, சங்கிலியோடு.

தம்பியை இரண்டு கையிலும் மூட்டை கொடுத்து இருபது தடவை ஏற்றி இறக்கினேன். இருபத்தொன்றாவது தடவை மூட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அப்பா நேற்று வந்து பார்த்தார். ஏறவில்லை. கீழ்த்தட்டில் ஒரு காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகிறதா என்று உதைத்து உதைத்துப் பார்த்தார். "இப்ப இருக்கு" என்றார். அப்புறம் முன்னால் போய் கேபினில் உட்கார்ந்துகொண்டார்.

ஆர்க் வெல்டர்

நல்லது. முட்டுக்காலுக்குக் குறுக்கே ஒரு ஆங்கிள் கொடுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் மடங்கும். எந்தப் பெயின்ட் என்று இன்னும் சொல்லவில்லை.