வாரா வாரம் தண்ணீர் மாற்றியும் நைட்ரேட் 60-லேயே நிற்கிறது

பவளத்தொட்டி:
வணக்கம். 250 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, சம்ப்பில் (கருவிகள் வைக்கும் துணைத் தொட்டி) 40 லிட்டர். கல், மணல் அடைத்த இடம் போகத் தண்ணீர் சுமார் 260 லிட்டர். தொடங்கி 14 மாதம் ஆகிறது. கோமாளி மீன் ஜோடி, ஒரு ராயல் கிராமா, இரண்டு டாம்செல். பவளத்தில் ஜோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு ஹேமர். ஸ்கிம்மரும் (கழிவை நுரையோடு வெளியேற்றும் கருவி) ஒரு கேனிஸ்டர் ஃபில்டரும் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) ஓடுகின்றன. வாரம் 25 லிட்டர் தவறாமல் மாற்றுகிறேன். இருந்தும் நைட்ரேட் 60 பிபிஎம் (லிட்டருக்கு 60 மில்லிகிராம்), பாஸ்பேட் 0.12. இரண்டு மாதமாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் உறிஞ்சும் ரெசின் போட்டுப் பார்க்கலாமா?

உப்புக்காற்று:
ரெசின் வேண்டாம். அது நன்னீருக்கானது. கடல்நீரில் குளோரைடும் சல்பேட்டும் மலைபோல் இருக்கின்றன. ரெசினில் உள்ள இடத்தையெல்லாம் அவையே பிடித்துக்கொள்ளும்.

60-ல் நிற்பது தற்செயல் இல்லை, கணக்கு. வாரத்துக்கு எவ்வளவு ஏறுகிறதோ அதை, மாற்றும் தண்ணீரின் பங்கால் வகுங்கள். தண்ணீர் மாற்றும் முன் நைட்ரேட் கடைசியில் அந்த எண்ணில்தான் போய் நிற்கும். நீங்கள் மாற்றுவது ஏறக்குறைய 10 சதவீதம். அப்படியானால் உங்கள் தொட்டியில் வாரம் 6 பிபிஎம் ஏறுகிறது, 6 பிபிஎம் வெளியே போகிறது. இதே 10 சதவீதத்தை இன்னும் ஒரு வருஷம் மாற்றினாலும் 60 அசையாது. 20 சதவீதம் மாற்றினால் 30-ல் நிற்கும். ஏற்றத்தையும் பாதியாக்கினால் 15.

அந்த 6 எங்கிருந்து வருகிறது? 260 லிட்டரில் 6 பிபிஎம் என்றால் சுமார் 1.6 கிராம் நைட்ரேட். அதற்கு 2.2 கிராம் புரதம் போதும். 45 சதவீதப் புரதமுள்ள உலர் தீவனத்தில் 5 கிராமுக்கும் குறைவு. அதாவது நாளைக்கு 0.7 கிராம். கையால் அள்ளிப் போடுபவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒரு வாரத் தீவனத்தை எடை போட்டுத் தனி டப்பாவில் வைத்து, அதிலிருந்து மட்டும் போடுங்கள்.

சம்ப்வாசி:
கணக்கு சரி. ஆனால் அந்த 60 நிஜமா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு புட்டி திரவ கிட் என்றால், இரண்டாவது புட்டியில் அடியில் படியும் தூள் இருக்கும். புட்டியை 30 விநாடி, கலந்த பிறகு குழாயை ஒரு முழு நிமிடம், பலமாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். சிவப்பில் 40-க்கும் 80-க்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், ஒரு பங்கு தொட்டித் தண்ணீருடன் மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்து சோதித்து, விடையை 4-ஆல் பெருக்குங்கள். கிட் 'நைட்ரேட்-நைட்ரஜன்' அளவைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள், அப்படியானால் 4.43-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் கிடைக்கும்.

தொட்டியில் ஊற்றாத புது உப்புத் தண்ணீரையும் சோதியுங்கள். அதிலேயே 10 இருந்தால் எத்தனை முறை மாற்றினாலும் 10-க்குக் கீழே இறங்காது. அப்போது, உப்புக் கலக்கும் முன் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெம்பிரேனும் டிஐ ரெசினும்தான் கவனிக்க வேண்டியவை. அவற்றைக் கடந்து வரும் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் (கரைந்த பொருள்களின் அளவைக் காட்டுவது) 0 காட்ட வேண்டும்.

பவளத்தொட்டி:
புதுத் தண்ணீரில் பூஜ்யம். கலந்து சோதித்ததில் தொட்டியில் 55 முதல் 60. கேனிஸ்டரில் ஸ்பாஞ்சும் செராமிக் வளையமும் இருக்கின்றன. கடைசியாகத் திறந்தது மூன்று மாதம் முன்பு.

உப்புக்காற்று:
மூன்று மாதமா! தொட்டியை விட்டு வெளியேறிவிட்டது என்று நினைத்த தீவனமும் கழிவும் அந்த ஸ்பாஞ்சில்தான் ஊறிக்கொண்டிருக்கின்றன. செராமிக் வளையம் நைட்ரேட் தயாரிக்கிறது என்று பழி போடுவார்கள்; குற்றவாளி வளையம் இல்லை, அதில் சிக்கி அழுகும் அழுக்கு. ஸ்கிம்மர் எடுக்க வேண்டியதை ஸ்பாஞ்ச் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள். வளையங்களைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசி, வாரம் கால் பங்கு வீதம் எடுத்துவிடுங்கள். அதற்குள் தொட்டியில் உள்ள லைவ் ராக் கற்களில் வாழும் பாக்டீரியா ஈடுகட்டிவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால் அம்மோனியா எட்டிப் பார்க்கலாம். சம்ப்பில் ஃபில்டர் சாக் (அழுக்கைப் பிடிக்கும் துணிப்பை) போட்டால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும். அது முடியாதென்றால் சாக்கே வேண்டாம்.

இப்போதுள்ளதை இறக்க, நான்கு நாள் இடைவெளியில் மூன்று முறை 30 சதவீதம், அதாவது 78 லிட்டர் மாற்றுங்கள். 60, 42, 29, 21 என்று இறங்கும். இடையில் சேர்வது இரண்டு மூன்று பிபிஎம் கூட்டிக்கொள்ளுங்கள். புதுத் தண்ணீரின் உப்படர்த்தி, வெப்பம், கார்பனேட் கடினத்தன்மை மூன்றும் தொட்டியோடு ஒத்திருக்கட்டும். பவளம் சுருங்குவது பெரும்பாலும் நைட்ரேட் குறைந்ததால் அல்ல, கடினத்தன்மை ஒரே நாளில் தாவியதால்.

ஸ்கிம்மர்பித்தன்:
இதற்கு மேலும் இறங்காவிட்டால் வினிகர். நிறமோ வாசனையோ சேர்க்காத 5 சதவீத வெள்ளை வினிகர். உங்கள் அளவுக்கு நாளைக்கு 2 மில்லியில் தொடங்கி, வாரத்துக்கு 2 மில்லி மட்டும் கூட்டுங்கள். பாக்டீரியா வினிகரில் உள்ள கார்பனைத் தின்று பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடலில் சேர்த்துக்கொள்ளும். அதை ஸ்கிம்மர் வெளியேற்றும். நைட்ரேட் இறங்கத் தொடங்கியதும் கூட்டுவதை நிறுத்துங்கள், இலக்கை எட்டியதும் பாதியாக்குங்கள். வினிகர் பிஹெச்சைத் தணிக்கும், அதனால் விளக்கு எரியும் நேரத்தில் ஊற்றுங்கள்.

சம்ப்வாசி:
வினிகருக்கு எதிர்ப்பு இல்லை, இரண்டு எச்சரிக்கை மட்டும். தண்ணீர் பால்போல் கலங்கினால் அது பாக்டீரியா வெடிப்பு; இரவில் ஆக்ஸிஜனை உறிஞ்சி மீனை மேலே மூச்சுவாங்க வைக்கும். உடனே வினிகரை நிறுத்தி, காற்றுக்கல் போடுங்கள். இரண்டாவது, பாஸ்பேட் ரிமூவரை இதோடு சேர்த்து ஓட்டாதீர்கள். பாஸ்பேட் பூஜ்யத்துக்குப் போனால் பாக்டீரியா வளர முடியாது, நைட்ரேட் அப்படியே நிற்கும். மேலும் இரண்டும் பூஜ்யமான தொட்டியில் பழுப்பு நிறச் சளி போன்ற டைனோஃபிளாஜெல்லேட் வந்து உட்கார்ந்தால் விரட்டுவது பெரும்பாடு.

சம்ப்பில் இடம் இருந்தால், நைட்ரேட்டை எடுத்து வளரும் கீட்டோ பாசிதான் எனக்கு முதல் தேர்வு. தொட்டி விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் 12 மணி நேரம் வெளிச்சம். பந்து இறுகியதும் மூன்றில் ஒரு பங்கை வெட்டி வெளியே எறியுங்கள். வெட்டாமல் விட்டால் உள்பகுதி அழுகி, எடுத்த நைட்ரேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

பவளத்தொட்டி:
எந்த அளவில் நிறுத்த வேண்டும்?

உப்புக்காற்று:
உங்கள் பவளங்களுக்கு 5 முதல் 15 நல்லது, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. கேனிஸ்டரும் தீவனமும் சரியானதும் தண்ணீர் மாற்றாமல் ஒரு வாரம் விட்டு ஏற்றத்தை அளந்து இங்கே போடுங்கள். வினிகர் தேவையா என்பதை அதை வைத்துச் சொல்லலாம்.