டெபியன் 13க்கு ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனது: ஐ3 வரவில்லை, வைஃபையும் இல்லை

கொழுந்துக்கூடை (ஹட்டன்)

வணக்கம். தோட்டத்து வாசிகசாலையில் 3 பழைய லெப்டொப் இருக்கு. மூன்றிலும் டெபியன் லினக்ஸ் 12, அதுக்கு மேல ஐ3 விண்டோ மேனேஜர், லைட்டிஎம் லொகின், பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ். பெரிசா வேறொன்றும் போடவில்லை. ராம் 4 ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்க், பேட்டரி மூன்றிலும் செத்தாச்சு.

முதல் மெஷினில் சோர்ஸஸ் லிஸ்ட்டை (பாக்கேஜ் எங்கிருந்து இறங்கணும் என்ற பட்டியல்) புக்வோர்மிலிருந்து (12) ட்ரிக்ஸிக்கு (13) மாத்தி ஏபிடி அப்டேட், அப்புறம் ஏபிடி ஃபுல்-அப்கிரேட் கொடுத்தேன். டவுன்லோட் எல்லாம் முடிஞ்சு, "செட்டிங் அப்" வரிகள் ஓடிக்கொண்டிருந்த நேரம் இடியோடு கரண்ட் போயிருச்சு. இப்போ:

கிரப் (பூட் மெனு) வருது, கேர்னல் ஏறுது, அதோட கறுப்புத் திரை. கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அடிச்சா டெக்ஸ்ட் லொகின் கிடைக்குது. ஏபிடியில (பாக்கேஜ்களை இறக்கி நிறுவுற கருவி) எதைக் கொடுத்தாலும் "டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்" (நிறுவும் வேலை பாதியில நின்னுருச்சு) என்று மறுக்குது. "ஐபி லிங்க்" அடிச்சா எல்ஓவும் லேன் போர்ட்டும் மட்டும்தான், வைஃபை பேரே இல்லை.

மற்ற இரண்டு மெஷினும் இன்னும் 12லதான். அதுகளையும் ஏத்தணும். எங்கிருந்து தொடங்கலாம்?

எட்டாம்நம்பர் (மஸ்கெலியா)

பென் டிரைவில ஐஎஸ்ஓ போட்டு புதுசா அடிச்சிருங்க. அரை மணித்தியால வேலை.

டெர்மினல்தாசன் (பண்டாரவளை)

அரை மணித்தியாலம் இன்ஸ்டோலுக்குத்தான் தம்பி. அதுக்கப்புறம் டொங்கிள் டேட்டாவில எல்லாத்தையும் திரும்ப இறக்கணும். டெக்ஸ்ட் லொகின் வரை வருகிற மெஷினை அழிக்க வேண்டியதில்லை.

கொழுந்துக்கூடை, உங்ககிட்ட இருக்கிறது ஒரே கோளாறு இல்லை, மூன்று. பாக்கேஜ் வேலை பாதியில நிக்குது, திரை வரவில்லை, வைஃபை இல்லை. இந்த வரிசையிலேயே போங்க. பாக்கேஜ் சரியாகாம திரையைத் தோண்டினா நேரம்தான் வீண்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுறேன், மெஷினில ஆங்கிலச் சின்ன எழுத்தில அடியுங்க. முதல்ல நிலைமை:

சூடோ டிபிகேஜி --ஆடிட்

எந்தெந்த பாக்கேஜ் பிரித்துப் போட்டதோட நிக்குது, எது பாதி அமைந்திருக்கு என்று பட்டியல் வரும். நூற்றுக்கணக்கில வந்தாலும் பதறாதீங்க. அடுத்தது:

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ

இதுக்கு இணையம் வேண்டாம். நடுவில "புது கன்ஃபிக் ஃபைல் போடவா, பழையதை வைக்கவா" என்று கேட்டா என்டர் தட்டுங்க, பழையது இருக்கும். முடிஞ்சதும்:

சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டோல்
சூடோ ஏபிடி ஃபுல்-அப்கிரேட்

இறக்கின .டெப் ஃபைல்கள் /வார்/கேஷ்/ஏபிடி/ஆர்கைவ்ஸ் உள்ளே இன்னும் இருக்கும். வேலை நல்லபடியா முடிஞ்சாதான் ஏபிடி அதை அழிக்கும், அதனால பெரிசா டேட்டா போகாது.

"அன்மெட் டிபென்டன்சீஸ்" என்று பக்கம் பக்கமா வந்தா அதுக்குக் காரணம் இருக்கு. 13ல 64 பிட் நேரக் கணக்குக்கு மாறினதால ஏராளமான லைப்ரரிகளுக்குப் பேரின் கடைசியில டி64 என்று ஒட்டியிருக்காங்க. பாதியில நின்ற மெஷினில பழைய பேரும் புதுப் பேரும் ஒன்றையொன்று தள்ளிக்கிட்டு நிக்கும். ஃபிக்ஸ்-புரோக்கனை இரண்டு மூன்று தடவை கொடுத்தா தீரும். ஃபோர்ஸ் என்று தொடங்கும் எந்த ஒப்ஷனையும் இப்போதைக்குத் தொடாதீங்க.

இன்னொன்று. பேட்டரி செத்த லெப்டொப்பில போர்டு மேல இருக்கிற சிஆர்2032 கடிகார பேட்டரி வில்லையும் பெரும்பாலும் செத்துத்தான் இருக்கும். கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பின்னால போயிருந்தா, ஏபிடி "ரிலீஸ் ஃபைல் இஸ் நொட் வேலிட் யெட்" என்று முறைக்கும். "டேட்" அடிச்சுப் பாருங்க. தப்பா இருந்தா "சூடோ டேட் -எஸ்" கொடுத்து, மேற்கோள்குறிக்குள்ள ஆண்டு-மாதம்-நாள், ஓர் இடைவெளி, மணி:நிமிடம்.

கொழுந்துக்கூடை

தேதி சரியா இருக்கு. ஆடிட்டில ரொம்ப நீளமான பட்டியல். கன்ஃபிகர் -ஏ நல்லா ஓடி, இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டில கேர்னலோட ஏறும் ஃபைல்) செய்யும் இடத்தில "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஒன் டிவைஸ்" என்று நின்னுருச்சு. டிஎஃப் -எச் பார்த்தா ரூட்டில இடம் தாராளம். /பூட் மட்டும் தனிப் பார்ட்டிஷன், 236 எம்பி, 100 வீதம் நிறைஞ்சிருக்கு.

டெர்மினல்தாசன்

அப்போ கறுப்புத் திரைக்கு முன்னாலேயே இது உங்களைப் பிடிச்சிருக்கும். கரண்ட் போகாட்டியும் அங்கேயேதான் நின்னிருக்கும். 13க்கு /பூட் குறைஞ்சது 768 எம்பி, அதில 300 எம்பி அளவு காலி என்று டெபியனின் வெளியீட்டுக் குறிப்பே சொல்லுது.

இப்போ எந்தக் கேர்னலில ஓடுது என்று "யூநேம் -ஆர்" காட்டும். அதைக் கழற்றக் கூடாது. பிறகு:

டிபிகேஜி -எல் | கிரெப் லினக்ஸ்-இமேஜ்

வரும் பட்டியலில 6.1 வரிசையில மிகப் புதியதை மட்டும் வெச்சுக்கிட்டு, அதுக்கு முந்தினதுகளை "சூடோ டிபிகேஜி --பர்ஜ்" கொடுத்து முழுப் பேரோட கழற்றுங்க. இந்த நிலையில ஏபிடி பர்ஜ் வேலை செய்யாது, டிபிகேஜி செய்யும். /பூட்டுக்குள்ள போய் ஆர்எம் போட்டு கேர்னலை அழிக்காதீங்க. ஃபைல் போயிரும், ஆனா பாக்கேஜ் இருக்கு என்றே டிபிகேஜி நினைச்சுக்கிட்டிருக்கும், பின்னால அதுவே இன்னொரு தலையிடி.

இடம் அப்பவும் காணாட்டி, /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ராம்எஃப்எஸ்.கொன்ஃப் ஃபைலில மொடியூல்ஸ்=மோஸ்ட் என்றிருப்பதை மொடியூல்ஸ்=டெப் ஆக்குங்க. உங்க மெஷினுக்குத் தேவையான ட்ரைவர்கள் மட்டும் உள்ளே போகும், இனிட்ஆர்டி (அதே இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல்) பாதிக்கும் கீழே சுருங்கலாம். அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில மாட்டினா பூட் ஆகாமப் போகலாம், அது ஒன்றுதான் இதிலுள்ள குறை. அப்புறம் கன்ஃபிகர் -ஏயிலிருந்து திரும்ப.

கொழுந்துக்கூடை

பழைய 6.1 இரண்டைக் கழற்றி, டெப் ஆக்கினேன். கன்ஃபிகர் முடிஞ்சு, ஃபிக்ஸ்-புரோக்கன் இரண்டு தடவை, ஃபுல்-அப்கிரேட் சுத்தமா முடிஞ்சுது. இப்போ 6.12 கேர்னல். ஆனா திரை இன்னும் கறுப்பு. வைஃபையில ஒரு விசித்திரம்: கிரப்பில அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் போய் 6.1ஐத் தேர்ந்தா வைஃபை வருது, 6.12ல இல்லை.

எல்எஸ்பிசிஐ -என்என் காட்டுறது: புரோட்கொம் பிசிஎம்43142, 14இ4:4365.

எக்ஸ் (திரையைக் கையாளும் மென்பொருள்) லொக்கில (ஈஈ) என்று வரும் வரிகள்: "ஃபெயில்ட் டு லோட் மொடியூல் இன்டெல்", கடைசியில "நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்".

மூடுபனி (தலவாக்கலை)

இரண்டுக்கும் விடை உங்க பதிவிலேயே இருக்கு.

திரை: /ஈடிசி/எக்ஸ்11/எக்ஸோர்க்.கொன்ஃப்.டி உள்ளே 20-இன்டெல்.கொன்ஃப் என்ற மாதிரி ஒரு ஃபைல் இருக்கும். ஐ3யில வீடியோ ஓடும்போது படம் கிழியுது என்பதுக்காக டியர்ஃப்ரீ போட்டு எழுதிக்கொள்வாங்க. அந்த ஃபைல் "இன்டெல் ட்ரைவரைத்தான் எடு" என்று பிடிவாதம் பிடிக்குது, ட்ரைவர் பாக்கேஜோ ஏற்றத்தில கழன்றுபோச்சு. வேறு ட்ரைவரைத் தேட எக்ஸுக்கு அனுமதியில்லை, அதனால திரையே இல்லை என்று சொல்லிட்டு நிக்குது. ஃபைலை ரூட்டின் வீட்டுக்கு நகர்த்துங்க (எக்ஸ்11ல வரும் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து):

சூடோ எம்வி /ஈடிசி/எக்ஸ்11/எக்ஸோர்க்.கொன்ஃப்.டி/20-இன்டெல்.கொன்ஃப் /ரூட்/

எக்ஸோட சேர்ந்தே வரும் மோட்செட்டிங் ட்ரைவர் தானா ஏறும். 2007க்குப் பிந்தின இன்டெல் சில்லுகளுக்கு 2016லிருந்தே டெபியன் அதைத்தான் முதல்ல எடுக்குது. படம் கிழிஞ்சா பைகொம் போட்டு விசின்க்கை இயக்குங்க, பழைய ட்ரைவருக்குத் திரும்பாதீங்க.

வைஃபை: இந்தச் சில்லுக்கு டபிள்யூஎல் மொடியூல் (ட்ரைவர்) வேணும், அது ஒவ்வொரு கேர்னலுக்கும் டிகேஎம்எஸ் மூலம் அந்தந்த மெஷினிலேயே கட்டப்படுறது. கட்ட அந்தக் கேர்னலின் ஹெடர்ஸ் தேவை. 12ல போட்டபோது 6.1க்கான ஹெடர்ஸை மட்டும் எண்ணோட போட்டிருப்பீங்க. 6.12 வந்ததும் ஹெடர்ஸ் இல்லை, டிகேஎம்எஸ் ஒரு வரி சொல்லிட்டுத் தாண்டிப் போயிருக்கும். 6.1க்குக் கட்டினது அப்படியே இருக்கு, அதனாலதான் அதில வைஃபை வருது.

6.1ல பூட் பண்ணி, வைஃபையில நின்னுக்கிட்டே இதைச் செய்யலாம். ஆனா முதல்ல சோர்ஸஸ் லிஸ்ட்டைப் பாருங்க. வரியின் கடைசியில மெய்ன் கொன்ட்ரிப் நொன்-ஃப்ரீ நொன்-ஃப்ரீ-ஃபேர்ம்வெயார் நான்கும் இருக்கணும். புரோட்கொம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் இருக்கிறது நொன்-ஃப்ரீயில. ஃபேர்ம்வெயார் பிரிவு மட்டும் போதும் என்று நினைச்சு அதை விட்டுட்டா, 12ன் பழைய பதிப்போடயே மெஷின் நின்னுரும். பிறகு:

சூடோ ஏபிடி அப்டேட்
சூடோ ஏபிடி இன்ஸ்டோல் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 புரோட்கொம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்
டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்

எண்ணில்லாத ஹெடர்ஸ் பாக்கேஜ்தான் முக்கியம், அடுத்த கேர்னல் வரும்போது அது தன்னோட ஹெடர்ஸைக் கூட்டிக்கிட்டு வரும். ஸ்டேட்டஸில 6.12க்கு நேரே "இன்ஸ்டோல்ட்" என்று வந்தா ரீபூட். வந்தும் "கீ வொஸ் ரிஜெக்டட்" என்று மொடியூல் ஏறாட்டி பயோஸில செக்யூர் பூட்டைப் பாருங்க.

6.1ம் கைவிட்டா, போனை யூஎஸ்பி கேபிளில மாட்டி டெதரிங் போடுங்க. ஐபி லிங்க்கில யூஎஸ்பி0 அல்லது ஈஎன்எக்ஸ் என்று தொடங்கும் பேர் வரும், நெட்வேர்க் மேனேஜர் தானா பிடிக்கும். பிடிக்காட்டி /ஈடிசி/நெட்வேர்க்/இன்டர்ஃபேஸஸ் ஃபைலில அந்தப் பேர் எழுதியிருக்கா பாருங்க. அங்கே பேர் இருக்கிற இன்டர்ஃபேஸை நெட்வேர்க் மேனேஜர் தொடாது.

கொழுந்துக்கூடை

அண்ணே, இரண்டும் வந்துருச்சு. ஹெடர்ஸ் நீங்க சொன்ன மாதிரியே எண்ணோடதான் இருந்தது.

இன்னும் இரண்டு சில்லறைக் கோளாறு. திரை வராத நேரத்தில லைட்டிஎம்மைக் கழற்றிட்டு, .எக்ஸ்இனிட்ஆர்சி எழுதி ஸ்டார்ட்எக்ஸில ஐ3 எடுக்கிற மாதிரி வெச்சேன். அதிலிருந்து ஃபிசிடிஎக்ஸ்5ல தமிழ் அடிக்க வரமாட்டேங்குது. அதோட பிள்ளைகள் பாஸ்ட் பேப்பர் பிடிஎஃப் நிறைய இறக்கித் திறந்தா மெஷின் ஊருது, 12ல இப்படி இல்லை.

மூடுபனி

தமிழ்: வீட்டு ஃபோல்டரில .எக்ஸ்இனிட்ஆர்சி இருந்தா, ஸ்டார்ட்எக்ஸ் டெபியனின் எக்ஸ்செஷன் வரிசையை முழுசாத் தாண்டிப்போகும். ஐஎம்-கொன்ஃபிக் அந்த வரிசைக்குள்ளதான் இருக்கு, ஃபிசிடிஎக்ஸை எழுப்புறது அதுதான். .எக்ஸ்இனிட்ஆர்சியை அழிச்சிட்டு, .எக்ஸ்செஷன் என்ற ஃபைலில "எக்ஸெக் ஐ3" என்று ஒரே வரி எழுதுங்க. ஸ்டார்ட்எக்ஸ் அப்பவும் வேலை செய்யும், தமிழும் வரும்.

டெர்மினல்தாசன்

ஊருறதுக்கு நீங்க /ஈடிசி/சிஸ்சிடிஎல்.கொன்ஃப்பில ஸ்வொப்பினெஸ் (ராமிலிருந்து டிஸ்க்குக்குத் தள்ளுற அளவு) ஏதாவது எழுதி வெச்சிருந்தீங்களா?

கொழுந்துக்கூடை

ஆமா, விஎம்.ஸ்வொப்பினெஸ்=10.

டெர்மினல்தாசன்

13ல அந்த ஃபைலை யாரும் வாசிக்கிறதில்லை. மெஷின் சத்தமில்லாம 60க்குத் திரும்பியிருக்கும். "கேட் /ப்ரொக்/சிஸ்/விஎம்/ஸ்வொப்பினெஸ்" அடிச்சா தெரியும். அதே வரியை /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி/99-உள்ளூர்.கொன்ஃப் மாதிரி ஒரு ஃபைலில போடுங்க (பேரை ஆங்கிலத்தில வையுங்க, கடைசி .கொன்ஃப் கட்டாயம்).

அடுத்தது /டிஎம்பி. 13ல அது ஹார்ட் டிஸ்க்கில இல்லை, ராமில. ராமின் பாதி வரைக்கும் போகலாம், உங்களுக்கு 2 ஜிபி. சேமிக்காம நேரே திறக்கிற பிடிஎஃப் அங்கே போய்க் குவிஞ்சா நினைவகம் அடைபடும், ஸ்வொப் தொடங்கும், பழைய ஹார்ட் டிஸ்க்கில அதுதான் ஊருற மாதிரித் தெரியும். பழையபடி டிஸ்க்குக்கே மாத்த:

சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டிஎம்பி.மவுண்ட்

ரீபூட் பண்ணுங்க. பிள்ளைகள் எதையும் /டிஎம்பியில சேமிச்சு வைக்க வேண்டாம் என்று சொல்லிருங்க, ரீபூட் ஆகும்போது அங்கே இருக்கிற ஃபைலை மெஷின் தானே அழிச்சிரும்.

மற்ற இரண்டு மெஷினுக்கும் தரவிறக்கத்தையும் ஏற்றத்தையும் பிரிச்சுச் செய்யுங்க. முதல்ல /பூட்டைக் காலி பண்ணி, எண்ணில்லாத ஹெடர்ஸைப் போட்டு, 20-இன்டெல் ஃபைலை நகர்த்திட்டு, சோர்ஸஸை மாத்துங்க. அப்டேட்டுக்கு அப்புறம்:

சூடோ ஏபிடி-கெட் -டி டிஸ்ட்-அப்கிரேட்

-டி (டவுன்லோடின் முதல் எழுத்து) போட்டா இறக்கும், எதையும் நிறுவாது. எவ்வளவு இறங்கப் போகுது என்று "நீட் டு கெட்" வரியில தெரியும். இரவு டேட்டா தனியா இருக்கிற பேக்கேஜ் என்றா அந்த நேரத்தில ஓட விடுங்க, நடுவில அறுந்தாலும் திரும்பக் கொடுத்தா விட்ட இடத்திலிருந்து பிடிக்கும். ஆர்கைவ்ஸ் ஃபோல்டரின் .டெப்களை பென் டிரைவில எடுத்து மற்ற மெஷினின் அதே ஃபோல்டரில போட்டா, அங்கே விடுபட்டது மட்டும்தான் இறங்கும். ஏபிடி-கெட் என்று எழுதினது வேணும் என்றே. வெறும் ஏபிடி நிறுவி முடிஞ்சதும் ஃபைல்களை அழிச்சிரும், ஏபிடி-கெட் வெச்சிருக்கும்.

நிறுவுறதை இரண்டு கட்டமா: "ஏபிடி-கெட் அப்கிரேட்", அது முடிஞ்சு "ஏபிடி-கெட் டிஸ்ட்-அப்கிரேட்". காலையில வையுங்க. ஐப்பசி கார்த்திகையில நம்ம பக்கம் இடி பின்னேரம்தான் கிளம்பும். தொடங்கும் முன் இரண்டிலும் "யூநேம் -எம்" பார்த்துக்கொள்ளுங்க.

கொழுந்துக்கூடை

இரண்டாவதில எக்ஸ்86_64. மூன்றாவதில ஐ686 என்று வருது.

டெர்மினல்தாசன்

மூன்றாவதை ஏத்தாதீங்க. 13ல 32 பிட் பிசிக்குக் கேர்னலும் இல்லை, இன்ஸ்டோலரும் இல்லை. "எல்எஸ்சிபியூ" அடிச்சு ஒப்-மோட் வரியைப் பாருங்க. 32, 64 இரண்டும் இருந்தா சிப் 64 பிட், யாரோ 32 பிட் டெபியன் போட்டு வெச்சிருக்காங்க. அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் எட்டாம்நம்பர் சொன்ன ஐஎஸ்ஓ வழிதான் சரி. 32 மட்டும் என்றா 12லயே விடுங்க. வழக்கமான ஆதரவு 2026 ஜூன் வரை, எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) 2028 ஜூன் வரை.

கொழுந்துக்கூடை

32 மட்டும்தான். அது 12லயே இருக்கட்டும். இரண்டாவதுக்கு இன்றிரவு -டி ஓட விடுறேன்.