வளவில் நிற்கும் தோனி: ஒட்டினது ஏன் தெரியுது?

கானாடுகாத்தான்_படம்:
ஊர் கிரிக்கெட் போட்டிக்கு 10 அடிக்கு 8 அடி பேனர். பழைய வீட்டு வளவுல, அதாவது நடு முற்றத்துல, தோனி மட்டையோட நிக்கிற மாதிரி செஞ்சிருக்கேன். தோனி படம் இரவு ஆட்டத்துல எடுத்தது, வளவு மொபைல்ல மதியம் எடுத்தது. ஆளை வெட்டி எடுத்த மாஸ்க் சுத்தமாத்தான் இருக்கு. ஆனாலும் ஒட்டு தெரியுது. எங்க தப்பு?

தேவகோட்டை_டிசைனர்:
ஓரம்தான் தம்பி. மைதானத்துப் பச்சை சட்டை ஓரத்துல ஒட்டியிருக்கும். மாஸ்க்கை 1 அல்லது 2 பிக்சல் உள்ள இழுங்க, ஓரத்தை மென்மையாக்குற ஃபெதர் அரை பிக்சல் போதும். மேல ஒரு லேயரை ஆள் மேல மட்டும் படுற மாதிரி கிளிப் பண்ணி, நிறத்தை மட்டும் மாத்துற கலர் மோடுல வச்சு, சட்டை நிறத்தையே எடுத்து ஓரத்துல தடவுங்க. பேடோட அடிப்பக்கம் புல்லோட பச்சை ஏறியிருக்கும். அதைக் குறைச்சு, வளவுத் தரையில பதிச்ச ஆத்தங்குடி கல்லோட சிவப்பைக் கொஞ்சமா ஏத்துங்க.

ஆத்தங்குடி_ஒளி:
அண்ணே, பேடு விஷயம் சரி. ஆனா இங்க ஓரம் முதல் தப்பு இல்லை. இரவு ஆட்டத்துல பல கோபுரத்துலேருந்து விளக்கு அடிக்கும். ரெண்டு தோள்லயும் வெள்ளைக் கோடு விழும், தரையில நிழல் நாலு பக்கம் பிரியும். வளவுல வெளிச்சம் மேல திறந்த வானத்துலேருந்து மட்டும்தான் வருது. தோள் மேல்பக்கம் வெளிச்சம், புருவத்துக்கும் தாடைக்கும் கீழ இருட்டு. அந்த ரெண்டு வெள்ளைக் கோட்டை எந்த பிரஷ்ஷும் முழுசா அழிக்காது. மேகமூட்டமான பகல்ல எடுத்த படம் வேணும்.

தேவகோட்டை_டிசைனர்:
கடையில படத்தைத் தேர்ந்தெடுக்கிற வசதி யாருக்கு இருக்கு? வாட்ஸ்அப்புல வர்றதை வச்சுத்தான் வேலை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கர்வ்ஸ்ல அந்த வெள்ளைக் கோட்டை அடக்கலாம். வெளிச்சம் எதிர்ப்பக்கமா இருந்தா படத்தையே திருப்பிப் போடலாம்.

ஆத்தங்குடி_ஒளி:
திருப்பினா முதுகுல 7 தலைகீழா விழும், ஸ்பான்சர் எழுத்தும் போச்சு. அதைவிட மோசம், வலது கை தோனி இடது கை ஆட்டக்காரர் ஆயிருவார். இடது கை பந்துவீச்சாளர் நடராஜன் படத்தைத் திருப்பினா, அவர் வலது கையால பந்து போடுவார். கிரிக்கெட் பேனர்ல அதை முதல் பார்வையிலேயே பிடிச்சிருவாங்க.

வாட்ஸ்அப் படம் பேனருக்கே பத்தாது. ஆள் 6 அடின்னா 72 அங்குலம், அங்குலத்துக்கு 72 பிக்சல் வச்சா 5,184 பிக்சல் உயரம் வேணும். 1,600 பிக்சல் உயரப் படம் அங்குலத்துக்கு 22தான் தரும். பின்னாடி ஆத்தங்குடிக் கல் கூர்மையா, முன்னாடி ஆள் மங்கலா நிப்பார். ஒட்டினது அதுலயே தெரிஞ்சிரும்.

கானாடுகாத்தான்_படம்:
அண்ணே, கால் மிதக்கிற மாதிரியும் இருக்கே?

ஆத்தங்குடி_ஒளி:
கண்மட்டம் பொருந்தலை. கல்லு இணைப்புக் கோடுகள்ல இணையா ஓடுற ரெண்டை நீட்டிப் பாருங்க, சேர்ற இடம்தான் கேமரா உயரம். எல்லைக்கோட்டுல உக்காந்து எடுக்கிறவங்க கேமரா ஆட்டக்காரர் இடுப்பு உயரத்துல இருக்கும். நீங்க நின்னு எடுத்திருப்பீங்க, கோடு நெஞ்சுக்கு மேல போகும். முகப்புக்குப் பின்வாங்கி, மொபைலை இடுப்பு உயரத்துல பிடிச்சு, 2 மடங்கு லென்ஸ்ல திரும்ப எடுங்க. அளவுக்கு மட்டையைப் பாருங்க: விதிப்படி நீளம் 38 அங்குலத்தைத் தாண்டாது. தேக்குத் தூணோட அடிக்கல்லை டேப்பால அளந்து ஒப்பிட்டா ஆள் உயரம் கிடைச்சிரும்.

தேவகோட்டை_டிசைனர்:
கண்மட்டம் ஒத்துக்கிறேன். நிழலை விட்டுட்டீங்க. உள்ளங்காலுக்குக் கீழ மெல்லிசா, அடர்த்தியா ஒண்ணு, கீழ உள்ளதை இருட்டாக்குற மல்டிப்ளை மோடுல 70 சதம். அதுக்கு வெளிய மங்கலா இன்னொண்ணு, 25 சதம். கறுப்பு கூடாது, தரையோட இருண்ட நிறத்தையே எடுக்கணும். மெருகு ஏறின கல்லுன்னா பிரதிபலிப்பும் வேணும், 10 சதம் போதும். ரெண்டு காலும் முன்னும் பின்னுமா இருந்தா மொத்த ஆளைக் கவிழ்த்தா ஒட்டாது; ஒவ்வொரு காலுக்கும் தனியா. கடைசியா மேல கறுப்பு வெள்ளை லேயர் போட்டுப் பாருங்க, ஆள் தனியா வெளுத்து நின்னா கர்வ்ஸ் இன்னும் முடியலை.

கானாடுகாத்தான்_படம்:
நன்றிண்ணே. போட்டி நடத்துறவர், தோனி தோள்ல அவர் கை போட்ட மாதிரியும் கேட்கிறார்.

ஆத்தங்குடி_ஒளி:
அது வேண்டாம். தோனி வந்தார், இவரோட பழகினார்னு சொல்ற படம் அது. நடக்காத ஒண்ணு.

தேவகோட்டை_டிசைனர்:
பேனர்னா கற்பனைதான்னு ஊருக்கே தெரியும். மூலையில 'சித்தரிப்பு'ன்னு போட்டா போதும்.

ஆத்தங்குடி_ஒளி:
மூலையை வெட்டிட்டு ஃபார்வர்டு பண்ணுவாங்க. ஆளைத் தனியா நிறுத்துங்க, எழுத்தை மட்டைக்கும் காலுக்கும் நடுவுல போடுங்க. அங்க வெட்டினா மட்டையும் சேர்ந்து போகும். படம் எடுத்தவர்கிட்டயும் அனுமதி வாங்கணும், இல்லைன்னா மாற்ற அனுமதி தர்ற உரிமத்துல உள்ள படமாப் பார்த்து, அவர் பேரைப் போட்டுப் பயன்படுத்துங்க.

தேவகோட்டை_டிசைனர்:
நடுவுல எழுத்து வந்தா படம் கெட்டுரும்ங்கிறதுதான் என் கருத்து. கை போடுறதை மட்டும் விட்டுருங்க தம்பி, அதுல அவர் சொல்றது சரி.