ட்ரவுட் ஃப்ளை கட்ட நல்ல இறகு எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. இமாச்சலின் தீர்த்தன் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போனதிலிருந்து, ஃப்ளை எனும் போலிப் பூச்சியை (தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்வது) இரையாக வைத்துப் பிடிக்கும் பித்து தலைக்கேறிவிட்டது. இப்போது கோவை வீட்டில் ஃப்ளைகளை நானே கட்டுகிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே மீன்பிடிக்கத் தடை. மார்ச்சில் திறப்பதற்குள் ஒரு பெட்டி நிறைய கட்டிவிட ஆசை.

சிக்கல் இறகுதான். 14ஆம் நம்பர் முள்ளில் மிதக்கும் ஃப்ளை கட்ட, இறகின் இழை முள் வாயின் (முள் முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு இருந்தால் போதும், விறைப்பாகவும் நிற்க வேண்டும். கறிக்கடையில் வாங்கிய நாட்டுச் சேவலின் கழுத்து இறகோ நீளமாக, தொளதொளவென்று இருக்கிறது. தண்ணீரைக் குடித்து உடனே மூழ்கிவிடுகிறது. (மூழ்கும் ஃப்ளைக்கு அது அருமை, அதில் குறையில்லை.)

இதற்கென்றே வளர்க்கும் சேவல்களின் இறகு இந்தியாவில் எங்காவது கிடைக்குமா? வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவர்கள் இருந்தால் சுங்கத்தில் என்ன கேட்டார்கள்? வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியை ஒட்டிய சிறு இறகும் நன்றாக மிதக்குமே, வாத்துப் பண்ணை வைத்திருப்பவர்கள் யாராவது தர முடியுமா? அப்புறம், காட்டுச்சேவல் இறகு மட்டும் வேண்டாம். அது வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பறவை.