மெயில் குரூப்பில் சேர்வதை ஊழியர்களிடமே விட்டுவிடலாமா?

கோவை_ஐடி:
வணக்கம். பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் ஐடி பார்க்கிறேன். ஏறத்தாழ 400 பேர். மெயில், ஃபைல் எல்லாம் கூகுளின் ஆபீஸ் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸில். ஒரு முகவரிக்கு அனுப்பினால் அதில் உள்ள எல்லோருக்கும் போகும் மெயில் குரூப்புகள் வைத்திருக்கிறோம். "அண்ணா, என்னை டெஸ்பாட்ச் குரூப்ல போடுங்க", "ஸ்டோர்ஸ்ல இருந்து எடுத்துவிடுங்க" என்று தினமும் யாராவது வந்து நிற்கிறார்கள். குவாலிட்டிக்கு மாறிப் போனவருக்கு இன்னும் ஸ்டோர்ஸ் மெயில்தான் போகிறது. அவரவரே சேர்ந்து விலகிக்கொள்ளட்டும் என்றால் மேனேஜர் பயப்படுகிறார். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய அட்மின்:
தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்கள் மேனேஜர் பயப்படுவதிலும் விஷயம் இருக்கிறது.

டிரைவ் ஃபோல்டரைத் தனித்தனி ஆட்களுக்குக் கொடுக்காமல் குரூப் முகவரிக்கே ஷேர் செய்வது பல ஆபீஸ்களில் உள்ள பழக்கம். அந்தக் குரூப்பில் யார் சேர்ந்தாலும் ஃபோல்டரும் அவருக்குத் திறந்துவிடும். எங்கள் பர்ச்சேஸ் குரூப்பை வெறும் மெயில் குரூப் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கொட்டேஷன் ஃபோல்டர் முழுக்க அதற்கு ஷேர் ஆகியிருந்தது. போதாததற்கு, குரூப்பில் பழைய மெயில்கள் சேமிக்கப்பட்டிருந்தால் இன்று சேர்ந்தவர்கூட அதையெல்லாம் உட்கார்ந்து படிக்கலாம்.

அதனால் ஃபோல்டர் ஷேர் ஆகியிருக்கும் குரூப்புகளை முதலில் தனியாகப் பிரியுங்கள். அவற்றில் 'கேட்டுச் சேரலாம்' என்று வைத்து, அந்தந்த டிபார்ட்மென்ட் தலைவரை ஓனராக்குங்கள். கோரிக்கை அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. கேண்டீன், கிரிக்கெட், பஸ் ரூட் குரூப்புகளை நிறுவனத்துக்குள் யாரும் சேரும்படி திறந்துவிடுங்கள். வெளியாட்களுக்கு மட்டும் வேண்டாம்.

கோவை_ஐடி:
சரி சார். சேஃப்டி சர்க்குலர் வரும் குரூப்பிலிருந்து ஆட்கள் நழுவிவிட்டால்?

பழைய அட்மின்:
எல்லோருக்கும் போக வேண்டிய குரூப்பில் ஒவ்வொருவராகச் சேர்க்கவே வேண்டாம். இப்போது இருப்பவர்கள், இனி வருபவர்கள் எல்லோரையும் மொத்தமாகச் சேர்க்கும் வசதி அட்மின் கன்சோலிலேயே (நிர்வாகிகளுக்கான பக்கம்) இருக்கிறது. அப்புறம், விலக நினைப்பவர்களில் பாதிப் பேருக்கு மெயில் குறைந்தால் போதும். டைஜஸ்ட் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள், 25 மெயில் வரை ஒன்றாகக் கட்டி வரும்.

அவுட்லுக்வாசி:
நாங்கள் மைக்ரோசாஃப்ட் 365. டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்டில் (அங்கே மெயில் குரூப்புக்கு அந்தப் பெயர்) சேர ஓனர் அனுமதி, விலக அனுமதி தேவையில்லை என்று வைத்திருக்கிறோம். ஒரே தொல்லை, ஆபீஸ் சர்வரில் உள்ள ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து (ஊழியர் கணக்குகளும் குரூப்புகளும் இருக்கும் பட்டியல்) சிங்க் ஆகி வரும் குரூப்புகளை அவுட்லுக்கில் தொட முடியாது. அதற்கு மட்டும் இன்னமும் ஐடி மேஜையில்தான் கூட்டம்.

கோவை_ஐடி:
எங்களிடம் அந்த சர்வர் இல்லை, தப்பித்தேன். கேண்டீன் குரூப்பை நாளைக்கே திறக்கிறேன். பர்ச்சேஸ் குரூப்புக்கு என்னென்ன ஃபோல்டர் ஷேர் ஆகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மேனேஜரிடம் பேசுகிறேன்.