ஆறு மாதத்துக்கு மேல் ஊர் சுற்றியவர்கள்: போட்ட கணக்கும் பார்த்த மனுஷங்களும்

பொருநை:

ஆனி பிறந்ததும் கிளம்பி, பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் நான். ஏழு மாதம். கிளம்பும்முன் எக்செல் ஷீட்டில் பதினொரு நாடு எழுதி வைத்திருந்தேன். பார்த்தது நாலு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கணக்கு ரொம்ப எளிது. நம்ம பாஸ்போர்ட்டுக்கு எந்த ஊரில் எத்தனை நாள் தருகிறார்களோ அதுதான் பிளான். நான் போனப்போ மலேசியா விசா இல்லாமல் 30 நாள், தாய்லாந்து 60, லாவோஸ் 30, வியட்நாம் இ-விசா 90. மொத்தம் 210. இதெல்லாம் அடிக்கடி மாறும், போகிறவர்கள் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வியட்நாம் இ-விசாவுக்கு 25 டாலர். எந்த வாசல் வழியாக நுழையப் போகிறீர்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள், தரைவழி எல்லை என்றால் அந்த வாசல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

முதல் இரண்டு மாதம் ஓட்டமாக ஓடினேன். பினாங்கிலிருந்து ரயிலில் பாடாங் பெசார். அந்த ஸ்டேஷனில் மலேசிய முத்திரையும் தாய்லாந்து முத்திரையும் ஒரே கட்டடத்தில் அடித்துவிடுவார்கள், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஹாட் யாய், பாங்காக், நோங் காய், மீகாங் தாண்டி வியந்தியான், 2021 டிசம்பரில் திறந்த சீன ரயிலில் லுவாங் பிரபாங். மூன்றாவது மாதம் ஏதோ ஒரு புத்தர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது எரிச்சல் வந்தது. கோயில் மேல் இல்லை, கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, அந்த வேலை மேல். இன்னொரு பஸ், இன்னொரு பெட், இன்னொரு வைஃபை பாஸ்வேர்ட். நீண்ட பயணம் போன எல்லாருக்கும் இது ஒரு நாள் வரும். வந்தால் அடுத்த டிக்கெட்டை எடுக்காதீர்கள். ஓர் இடத்தில் உட்காருங்கள்.

நான் உட்கார்ந்த இடம் வியட்நாமில் ஹோய் ஆன். ஒரு அக்கா வீட்டு மாடியில் 40 நாள் அறை. ஐப்பசி கடைசி. ஒரு நாள் காலையில் கீழே தடதடவென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் அக்கா, அவர் மாமியார், பக்கத்து வீட்டுப் பையன் மூவரும் ஃப்ரிட்ஜைக் கயிறு கட்டி மேலே இழுக்கிறார்கள். து போன் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதாம். அந்த ஊர் பழைய வீடுகளில் மேல்தளப் பலகையில் ஒரு சதுர ஓட்டை உண்டு, மூடி போட்டிருக்கும். சரக்கெல்லாம் அதன் வழியாகத்தான் மேலே ஏறும். ஒரு முகத்தில்கூடப் பதற்றம் இல்லை. நம் வீட்டில் போகிக்குப் பரண் ஒழிப்பது மாதிரி, ஒரு வேலை.

நானும் ஒரு முனையைப் பிடித்தேன். அரிசி மூட்டை, தையல் மிஷின், சாமிப் படம், இரண்டு கோழி. மதியம் தெருவில் முழங்கால் தண்ணீர். மாமியார் மாடிப்படியில் உட்கார்ந்து சுவரைக் காட்டினார். வருஷம் வருஷமாகத் தண்ணீர் வந்த உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். 1964-ஆம் வருஷக் கோடு என் தலைக்கு மேலே.

அக்கா போனில் மொழிபெயர்த்துக் கேட்டார்: "உங்கள் ஊரில் தண்ணீர் வருமா?"

2023 டிசம்பர் வீடியோவை எடுத்துக் காட்டினேன். எங்கள் வீடு ஏரல் பக்கம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரை மீறிப் போனதே, அந்த நேரம். வீடியோவில் எங்கள் ஃப்ரிட்ஜ் நடுவீட்டில் மல்லாக்க மிதக்கும். மாமியார் அதைப் பார்த்துவிட்டு என் கையில் பட்டென்று ஒரு அடி போட்டார். பிறகு மேலே இருந்த ஓட்டையைக் காட்டினார். ஃப்ரிட்ஜைக் காட்டினார். மறுபடி ஓட்டையைக் காட்டினார்.

ஏழு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே திட்டு அதுதான். இப்போது வீட்டில் பரணுக்குக் கீழே கொக்கி அடித்து வைத்திருக்கிறோம்.

உங்கள் கதையைச் சொல்லுங்கள். பார்த்த இடங்களின் பட்டியல் வேண்டாம், மனுஷங்களைச் சொல்லுங்கள்.

கொங்கு பைக்:

அக்கா, நானும் வியட்நாம்தானுங். ஆனா வடக்கே, ஹா ஜியாங். மலைப்பாதையில வாடகை வண்டி ஓட்டறதுக்கே உலகத்துல இருந்து ஆளுக வர்றாங்க. மா பி லெங் கணவாய்ல நின்னு கீழ பாத்தா ஆறு பச்சை நூலாட்டம் தெரியும். பாத்துட்டுத் திரும்பறப்போ சல்லியில முன்சக்கரம் வழுக்கிருச்சு. காறை எலும்பு போச்சு.

மொதல்ல காசு விசயத்தைச் சொல்லிப்போடறேன், நாலு பேருக்கு உதவும். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கிட்டுத்தான் போனேன். ஆனா நம்மூர்ல குடுக்கறது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி. வியட்நாம் ஏத்துக்கறது 1968 வியன்னா ஒப்பந்தத்துக்காரங்க பர்மிட்டை. ரெண்டும் வேற வேறன்னு எனக்கு எலும்பு ஒடைஞ்சப்பறம்தான் தெரியும். லைசன்ஸ் செல்லாதுன்னா இன்சூரன்சும் செல்லாது. பாலிசி காயிதத்துல பொடி எழுத்துல போட்டிருந்துச்சு, படிக்காம விட்டது என்ற தப்பு. வண்டி வாடகைக்குக் குடுக்கறவங்க யாரும் இதைக் கேக்க மாட்டாங்க. பின்னாடி உக்காந்து போறதுக்கு ஓட்டுநரோடயே வண்டி கெடைக்குது. அதுல போங்க.

மனுசன் கதை. விழுந்து கெடக்கேன், மக்காச்சோளக் காட்டுல இருந்து மோங்னு அந்த மலைசாதிப் பெரியவர் ஒருத்தர் எறங்கி வந்தார். ஒரு வார்த்தை பேசல. என்ற கழுத்துல கெடந்த ஈரோட்டுத் துண்டை உருவி, கையை மடக்கி, நெஞ்சோட சேத்துக் கட்டினாரு. கட்டின கட்டு டாக்டர் கட்டாட்டம். அவரு வண்டியிலேயே உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். சாயந்திரம் வரைக்கும் வெளிய உக்காந்திருந்தார். காசு நீட்டினேன், கையை ஆட்டிட்டார். ஆஸ்பத்திரில வேற கட்டுப் போட்டாச்சுங்களா, அந்தத் துண்டை மடிச்சுத் திருப்பிக் குடுத்தாரு. வேண்டாம், வெச்சுக்கங்கன்னு அவர் தோள் மேல போட்டேன். அதை மட்டும் வாங்கிக்கிட்டார். இருபத்தேழு நாள் சுத்த வேண்டிய பயணம் பதினோராம் நாளே முடிஞ்சுது. அதனால இந்தத் தலைப்புல பேசற தகுதி எனக்கு இல்லைன்னு சொன்னாலும் செரி.

ஓய்வு பெற்றவன்:

தகுதி இருக்கிறது தம்பி. கை இப்போது பரவாயில்லையா?

எனக்கு 63, வீட்டம்மாவுக்கு 59. வங்கி வேலை முடிந்த கையோடு ஏழு மாதம் வெளியே இருந்தோம். எங்கள் வயதில் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: மாத்திரைச் சீட்டை மருந்தின் மூலப்பெயரோடு டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு 2017-இல் விட்ட புது ரயில். சாவோ காட்டின் ஊடே போகிறது. பழைய ரயில் பாதை போடும்போது, 1898-இல், சிங்கங்கள் கூலியாட்களை இழுத்துப்போன அதே சாவோ. அந்தப் பாதைக்காக இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கு மேல் ஆட்களைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் பஞ்சாப்காரர்கள். நான் ஜன்னலில் யானை தேடிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு பள்ளி ஆசிரியை, எங்கள் வயதுதான். வீட்டம்மா டப்பாவைத் திறந்தார். முதல் நாள் சுட்ட சப்பாத்தி. அந்த அம்மையார் முகம் மலர்ந்து, "சப்பாத்தி! இன்று என்ன விசேஷம்?" என்றார்.

அங்கே சப்பாத்தி என்பது கிறிஸ்துமஸுக்கும் விருந்தாளி வந்தாலும் சுடுகிற பலகாரமாம். பெயரும் அதே சப்பாத்திதான். சின்ன வயதில் டிசம்பர் எப்போது வரும், அம்மா எப்போது மாவு பிசைவார் என்று காத்திருப்பாராம். என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பதினெட்டு வருஷமாக ராத்திரி ஆனால் சர்க்கரைக்காரன் சாப்பாடு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நான் தின்கிற வஸ்து அது. "கேட்டீங்களா, வருஷம் முழுக்க உங்களுக்குக் கிறிஸ்துமஸ்தான் போட்டிருக்கேன்" என்றாள். மொம்பாசா வரும்வரை இரண்டு பேரும் மாவு பிசையும் பக்குவம் பேசினார்கள். யானையை நான் மட்டும் பார்த்தேன்.

ஒரு தவறும் செய்தேன். கென்யாவுக்குள் நுழைய நம்மிடம் மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்கவில்லை, அதனால் போடவில்லை. கேட்பது திரும்பி வரும்போது, நம் நாட்டில்! சான்று இல்லாமல், அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் வந்தால் தனிமையில் வைப்பார்கள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது இது தெரிந்தது. நல்லவேளை, மகள் வேறொரு வெளிநாட்டில் இருக்கிறாள். அங்கே ஆறு நாள் தங்கி, பேரனோடு இருந்துவிட்டு வந்தோம். நீங்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், ஆனால் பிறகு ஆயுசுக்கும் போதும்.

எட்டு மணி பஸ்:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தங்கச்சி கல்யாணக் கடன், வீட்டு ஈ.எம்.ஐ., அப்பாவுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ். நாங்கள்லாம் படிச்சுட்டு லைக் போட வேண்டியதுதான். பொருநை அக்கா, வீட்டில் எப்படி விட்டாங்க? அதை மட்டும் யாருமே எழுத மாட்டீங்கறீங்க.

பொருநை:

விடவில்லை தம்பி. ஆபீஸ் வேலையாக மலேசியா என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பாங்காக்கில் இருந்தபோது சித்தி கண்டுபிடித்து அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா பதினோரு நாள் போனை எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் எடுத்து, "அங்க தேங்கா எண்ணெய் கிடைக்குதா?" என்று மட்டும் கேட்டார். காசு ஆறு வருஷச் சேமிப்பு, என் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த சீட்டுப் பணமும் சேர்த்து. எல்லாராலும் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அப்பாவை விட்டுவிட்டு நீங்கள் வர வேண்டும் என்று சொல்கிறவன் கிறுக்கன்.

யாழ் ரொறொன்ரோ:

நீங்கள் எல்லாரும் விசாக் கணக்குச் சொல்லேக்கை எனக்குக் கொஞ்சம் வெக்கமாக் கிடக்கு. என்னட்டை கனடாப் பாஸ்போர்ட். பதினாலு மாதத்திலை நான் வரிசையிலை நிண்ட நாள் ரெண்டோ மூண்டோ. ஐரோப்பாவுக்குள்ளை 180 நாளிலை 90 நாள், ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கேல்லை.

அப்பா 1984இலை வெளிக்கிட்டவர். கொழும்பிலை இருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலை இருந்து கிழக்கு பெர்லின். அந்தக் காலத்திலை எங்கட ஆக்கள் கன பேர் அப்பிடித்தான் போனவை. கிழக்கு ஜேர்மனி ட்ரான்சிற் விசா குடுக்கும், ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸ ஸ்ரேசனிலை ரெயின் ஏறினா மேற்கு பெர்லின். மேற்குப் பக்கத்திலை எல்லைச் சோதினை இல்லை, ஏனெண்டால் அதை எல்லையெண்டு அவையள் ஒத்துக்கொள்ளேல்லை. 85இலை அந்த வழியைப் பூட்டிப்போட்டினம்.

நான் பயணத் திட்டம் எண்டு ஒண்டும் பெரிசாப் போடேல்லை, ஆனா பெர்லின் மட்டும் முதல் நாளே எழுதின ஊர். அந்த ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை, மேற்குக்குப் போற சனத்தை வழியனுப்பிற மண்டபம் ஒண்டு இருந்தது. கண்ணீர் மாளிகை எண்டு பேர். இப்ப மியூசியம், காசு இல்லை. உள்ளுக்கை நிண்டு அப்பாவுக்கு வீடியோ கோல் எடுத்தன். சோதிக்கிற சின்னக் கூண்டு ஒண்டை அப்பிடியே வைச்சிருக்கினம். அதைக் காட்டினன்.

"இது இல்லை," எண்டார். "நாங்கள் போனது மற்றப் பக்கம். இவ்வளவு வெளிச்சமும் இல்லை."

மேடைக்கு ஏறினன். ஒவ்வொரு மேடையாக் காட்டினன். இது இல்லை, இதுவும் இல்லை. பக்கத்திலை வாங்கிலை இருந்த ஒரு கிழவி, எழுபத்தைஞ்சு இருக்கும், என்ன தேடுறாய் எண்டு இங்கிலீசிலை கேட்டா. சொன்னன். அவ போனை என்ரை கையிலை இருந்து வாங்கி அப்பாவோடை நேரை கதைக்கத் தொடங்கினா. அப்பாவுக்கு ரெண்டு வருசம் ஜேர்மனியிலை இருந்த பாஷை இன்னும் கொஞ்சம் கிடக்கு. அவ அந்த நேரம் கிழக்குப் பக்கமாம், வயசான தாயை மேற்குக்கு ரெயின் ஏத்திவிட அந்த மண்டப வாசல் வரைக்கும் வந்து போறவவாம். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கீழை இறங்கி, நிலத்துக்கு அடியிலை ஓடுற ரெயின் மேடைக்குப் போனா. அப்பா "ஓம்" எண்டார். பிறகு கன நேரம் ஒண்டும் சொல்லேல்லை. பின்னாலை அம்மா "சோறு ஆறுது" எண்டு கூப்பிடுற சத்தம் கேட்டது.

எட்டு மணி பஸ்:

அண்ணே, இதைப் படிச்சுட்டு எதுவும் எழுதத் தோணலை.

ஒன்னு கேக்கறேன், சிரிக்காதீங்க. தம்பிக்காரன் அப்பாவைப் பார்த்துக்குவான்னா பத்து நாள் லீவு கிடைக்கும். பினாங்கு வரைக்கும் போயிட்டு வரலாமான்னு இருக்கு. ஆனா என்கிட்ட பாஸ்போர்ட்டே இல்லை. சர்டிபிகேட் எல்லாத்திலும் இனிஷியல்தான் இருக்கு. ஏதாவது சிக்கல் வருமா?

ஓய்வு பெற்றவன்:

இனிஷியலாக விடாதீர்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாகவும் விடாதீர்கள், சுற்றிப்பார்க்க வருகிறவர்களின் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை ஏற்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் விதி போட்டது. அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை முழுதாக எழுதிவிடுங்கள். ஒரு சங்கடம், போகிற ஊரில் எல்லாம் கவுன்டரில் அப்பா பெயரைச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். முதல் தடவை நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் வரிசையில் நின்றிருந்தேன்.