காற்புள்ளி எப்போது பிழையாகிறது? ஆங்கிலத்தில் ‘கமா ஸ்ப்ளைஸ்’ பற்றி ஓர் ஐயம்

கேள்வி

வணக்கம். அலுவலகத்தில் ஆங்கில அறிக்கைகள் எழுதுவது என் வேலை. எழுத்துப்பிழையும் காலப்பிழையும் எனக்கு அதிகம் வருவதில்லை. ஆனால், அண்மையில் நான் அனுப்பிய அறிக்கையைத் திருத்தியவர், 17 இடங்களில் காற்புள்ளியை வட்டமிட்டு, ஓரத்தில் ‘கமா ஸ்ப்ளைஸ்’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். விளக்கம் எதுவும் இல்லை. அவற்றுள் இரண்டைக் கீழே தருகிறேன்.

“த சர்வர் ஃபெயில்ட் அட் மிட்நைட், நோபடி நோட்டிஸ்ட் அன்டில் மார்னிங்.”

“ஐ ரெட் த டிராஃப்ட், இட் வாஸ் டூ லாங்.”

‘நள்ளிரவில் சர்வர் நின்றுவிட்டது, காலைவரை யாரும் கவனிக்கவில்லை’ என்று தமிழில் எழுதினால் ஒருவரும் குறை சொல்வதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் இது ஏன் பிழை? பிறர் சுட்டிக்காட்டும் முன் நானே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

மறுமொழி 1

இரண்டு வாக்கியங்களிலும் குற்றம் ஒன்றுதான். காற்புள்ளிக்கு முன்னால் எழுவாயும் பயனிலையும் கொண்டு தனித்து நிற்கக்கூடிய முழு வாக்கியம் ஒன்று இருக்கிறது. பின்னாலும் அப்படியே ஒன்று இருக்கிறது. இணைப்புச்சொல் எதுவுமின்றி, வெறும் காற்புள்ளியால் இவ்விரண்டையும் ஒட்டுவதற்கே அந்தப் பெயர். ‘ஸ்ப்ளைஸ்’ என்பது இரண்டு கயிறுகளின் நுனிகளைப் பிரித்து, ஒன்றோடொன்று பின்னி இணைக்கும் மாலுமிகளின் வேலையைக் குறித்த சொல். அப்படிப் பிணைக்கும் வலு காற்புள்ளிக்கு இல்லை என்பது ஆங்கில உரைநடையின் முடிவு.

கண்டுபிடிக்கும் வழி எளிது. காற்புள்ளியின் இருபுறமும் உள்ள பகுதிகளைத் தனித்தனியே ‘ஆம், இல்லை’ என்று விடை சொல்லக்கூடிய கேள்விகளாக மாற்றிப் பாருங்கள். “டிட் ஐ ரீட் த டிராஃப்ட்?”, “வாஸ் இட் டூ லாங்?” என இரண்டும் கேள்வியாகின்றன, ஆகவே இரண்டும் முழு வாக்கியங்கள், இடையிலுள்ள காற்புள்ளி பிழை. முதற்பகுதி “ஆஃப்டர் ரீடிங் த டிராஃப்ட்” என்று இருந்திருந்தால் அதைக் கேள்வியாக்கவே முடியாது. அங்கே காற்புள்ளி சரி.

நம்மில் பலர் சறுக்கும் இடம் உங்கள் இரண்டாவது வாக்கியம். ‘இட்’ என்ற சொல் முன்னால் வந்த ‘டிராஃப்ட்’டைச் சுட்டுவதால், அந்தப் பகுதி முன்னதைச் சார்ந்தது, எனவே தனியே நிற்காது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. பொருளில் சார்ந்திருப்பது வேறு, இலக்கணத்தில் சார்ந்திருப்பது வேறு. ‘இட்’, ‘திஸ்’, ‘தே’, ‘ஷீ’ எதுவானாலும் எழுவாய்தான். அதற்கொரு வினைமுற்றும் வந்துவிட்டால் வாக்கியம் முழுமை பெற்றுவிடுகிறது. காற்புள்ளியை அடுத்து இந்தச் சொற்கள் வரும் இடங்களை மட்டும் தேடிப் பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் அகப்பட்டுவிடும்.

திருத்துவதற்குப் பல வழிகள் உள்ளன. எதைத் தேர்வது என்பதை, நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பதே முடிவு செய்ய வேண்டும். உங்கள் சர்வர் வாக்கியத்தில் ‘மிட்நைட்’டுக்குப் பின் முற்றுப்புள்ளி வைத்தால், இரண்டு செய்திகள் தனித்தனியே நிற்கும். அரைப்புள்ளி வைத்தால், இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் சொன்னதாகும். காற்புள்ளியை அப்படியே விட்டு, அதன்பின் ‘பட்’ சேர்த்தால் முரண் வெளிப்படையாகும். “ஆல்தோ த சர்வர் ஃபெயில்ட் அட் மிட்நைட், நோபடி நோட்டிஸ்ட் அன்டில் மார்னிங்” என்று மாற்றினால், சர்வர் நின்றது பின்னணிக்குப் போய், கவனிக்காமல் விட்டது முன்னால் வந்துவிடும். யார்மீது பொறுப்பு விழுகிறது என்பதுகூட மாறுவதைக் கவனியுங்கள். அலுவலக அறிக்கையில் அது சிறிய மாற்றம் அன்று.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தமிழில் எழுதிப் பழகியவருக்கு உண்மையான பொறி ‘ஹவெவர்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

நமக்கு ‘ஆனால்’, ‘எனினும்’, ‘எனவே’, ‘ஆகையால்’ அனைத்தும் வாக்கியத்தின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும் சொற்கள். அவற்றுக்கு முன் முற்றுப்புள்ளி வைப்பதா, காற்புள்ளி வைப்பதா என்பதில் தமிழ் பெரிதாகக் கண்டிப்பு காட்டுவதில்லை. ஆங்கிலமோ இவற்றை இரண்டு சாதியாகப் பிரித்துவிடுகிறது. ‘அண்ட்’, ‘பட்’, ‘ஆர்’, ‘நார்’, ‘ஃபார்’, ‘யெட்’, ‘ஸோ’ என்னும் ஏழும் இணைப்புச்சொற்கள். காற்புள்ளியோடு சேர்ந்து இரண்டு வாக்கியங்களைப் பிணைக்கும் உரிமை இவற்றுக்கு உண்டு. ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’, ‘மோர்ஓவர்’, ‘அதர்வைஸ்’ போன்றவை பொருளில் இவற்றை ஒத்திருந்தாலும், இலக்கணத்தில் வினையடைகளே.

“வீ டெஸ்டட் த சாஃப்ட்வேர், ஹவெவர், த எரர் கேம் பேக்” என்ற வாக்கியத்தில் ஹவெவருக்கு இருபுறமும் காற்புள்ளி இருப்பதால் பார்வைக்கு ஒழுங்காகவே தெரியும். ஆனால் அது பிழை. ‘சாஃப்ட்வேர்’ என்பதை அடுத்து அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வர வேண்டும். எந்தச் சொல் எந்த வகை என்று ஐயம் எழுந்தால், அதை இடம் மாற்றிப் பாருங்கள். “த எரர், ஹவெவர், கேம் பேக்” என்று நடுவில் நகர்த்த முடிகிறது. ‘பட்’டை அப்படி நகர்த்த முடியாது. நகரும் சொல் இரண்டு வாக்கியங்களைப் பிணைக்காது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இப்போது மூன்று வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறேன். சரிதானா என்று பாருங்கள்.

அ. “ஆல்தோ த டெஸ்ட் பாஸ்ட், பட் த எரர் கேம் பேக்.”

ஆ. “வீ செக்ட் த ஃபைல், தென் வீ சென்ட் இட்.”

இ. “வென் த சர்வர் ஃபெயில்ட்; நோபடி நோட்டிஸ்ட்.”

மறுமொழி 1

மூன்றிலும் இன்னும் திருத்தம் தேவை. ஆனால் மூன்றும் பயனுள்ள தவறுகள்.

முதலாவது, ‘இருந்தபோதிலும்… ஆனால்’ என்று பேசும் பழக்கத்திலிருந்து வந்தது. ‘ஆல்தோ’, ‘பட்’ இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை, ஒன்றை நீக்கிவிடுங்கள். இரண்டாவதில் ‘தென்’ என்பதும் நகரும் வினையடைதான், முறையான எழுத்தில் அது தனியே பிணைக்காது. “வீ செக்ட் த ஃபைல் அண்ட் தென் சென்ட் இட்” என்று எழுதினால் போதும். எழுவாய் ஒன்றாகிவிடுவதால் காற்புள்ளிக்கே வேலை இல்லை. மூன்றாவதில் காற்புள்ளி மீது ஏற்பட்ட அச்சம் மறுபக்கம் சாய்த்துவிட்டது. ‘வென்’ என்று தொடங்கும் பகுதி தனித்து நிற்காது. அதன்பின் காற்புள்ளியே சரி. பொதுவாக, அரைப்புள்ளி வைத்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தாலும் இரு பக்கமும் குலையாமல் நிற்க வேண்டும்.

மறுமொழி 3

ஒரு சிறு எச்சரிக்கை. வாக்கியத்துக்கு வாக்கியம் முற்றுப்புள்ளி வைத்துத் தப்பித்துவிடலாம் என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அப்படி எழுதிய பத்தி, படிக்கட்டில் பந்து உருளுவதைப் போல விட்டுவிட்டுத் தட்டும்.

மேலும், காற்புள்ளியின் இருபுறமும் வினை இருக்கும் இடமெல்லாம் பிழை அன்று. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட கையேடு, முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் இணைக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பகுதிகள் மிகச் சிறியனவாகவும் ஒரே வடிவிலும் இருந்தால் பெரும்பாலும் ஏற்கலாம் என்று அங்கேயே விலக்கும் தருகிறது. ஜூலியஸ் சீசர் சொன்னதாக வழங்கும் “ஐ கேம், ஐ சா, ஐ காங்கர்ட்” அந்த வகை. “இட் இஸ் லேட், இஸின்ட் இட்?” என்று வாலாக ஒட்டும் கேள்விக்கும் காற்புள்ளியே முறை. “த மோர் யூ ரீட், த மோர் யூ லேர்ன்” என்பதில் இரு பகுதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அங்கே முற்றுப்புள்ளி வைத்தால்தான் தவறாகும். கதாசிரியர்கள் பேச்சின் வேகத்தைக் காட்ட வேண்டுமென்றே ஸ்ப்ளைஸ் எழுதுவதும் உண்டு. அலுவலக அறிக்கையில் அந்த உரிமையை யாரும் நமக்குத் தரமாட்டார்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. வட்டமிட்ட 17 இடங்களையும் இன்று மாலை உட்கார்ந்து வகைப்படுத்தினேன். 10 இடங்களில் காற்புள்ளியை அடுத்து ‘இட்’, ‘திஸ்’, ‘தே’ ஆகியவற்றுள் ஒன்று வந்திருக்கிறது. 3 இடங்களில் ‘ஹவெவர்’, ஓரிடத்தில் ‘தேர்ஃபோர்’, ஓரிடத்தில் ‘தென்’. சர்வர் வாக்கியம் ஒன்று. மிச்சமிருப்பது இதுதான்: “த லாங்கர் வீ வெயிட்டட், த வர்ஸ் இட் காட்.” மூன்றாம் மறுமொழியின்படி இதில் பிழையே இல்லை. திருத்தியவரிடம் நாளை இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன்.